மானுக்குப் பிணை நின்றவர்கள்

முன்னுரை

ஆண்டுதோறும் நடத்தும் பாடங்களுள் சில ஆசிரியருக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. மனப்பாடமான பாடத்தில் புதிய வினா எழுவது அரிது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் இடம்பெறும் மானுக்குப் பிணை நின்ற படலம் நமக்கு அத்தகைய பாடமாகவே பல்லாண்டுகள் இருந்து வந்தது.

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னைக் கடற்கரையெங்கும் கடலாமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. அச்செய்தி நாளேடுகளில் வந்துகொண்டிருந்த நாள்களில்தான் அப்படலத்தை வகுப்பில் நடத்தினோம். மான் விடுதலை பெற்ற இடத்தில் பாடத்தை முடித்தோம். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, மான் பிழைத்தது, குட்டிக்கும் பால் கிடைத்தது. அன்றிரவு வேடன் வீட்டில் உலை வைத்தார்களா என்று புலவர் ஏதேனும் சொல்லியிருக்கிறாரா?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர் என்பதும், ஆமைகளைக் கொன்றவர்கள் மீனவர்களே என்று உடன்பயில்வோர் சிலர் அவரிடம் கூறியிருந்தனர் என்பதும் நமக்குப் பின்னரே தெரியவந்தன.

மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மானைப் பற்றிப் பேசுகின்றனர். வேடனைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாணவரின் வினாவுக்கு இலக்கியத்திலும், பல சமயங்களின் மரபிலும், நாம் வாழும் இத்தென்சென்னை மண்ணிலும் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பிணை என்னும் சொல்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். தொல்காப்பியர் மரபியலில் உயிரினங்களின் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே தொகுத்துக் கூறுகிறார். அவ்வகையில் மானின் ஆண் கலை, பெண் பிணை, குட்டி மறி. பிற்காலத்தில் நாம் எல்லாவற்றையும் 'ஆண் மான்', 'பெண் மான்', 'மான் குட்டி' என்று கூறி அமைந்துவிட்டோம். ஓர் உயிரை உற்று நோக்கிப் பழகியவர்களுக்கே அதன் ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் வெவ்வேறு பெயர் தேவைப்படும். பெயர்கள் மறைந்தமை நோக்குதல் மறைந்தமையின் அடையாளம் எனலாம்.

பிணை என்பதற்கு வேறு பொருள்களும் உண்டு. பிணைத்தல் கட்டுதலாகும். பிறர் பொருட்டுப் பொறுப்பேற்று நிற்றலும் பிணையே. இதனையே பேச்சு வழக்கில் ஜாமீன் என்கிறோம். அது பொறுப்பேற்பவன் என்று பொருள்படும் 'ளாமின்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆகவே, மானுக்குப் பிணை நின்ற படலம் என்னும் தலைப்பிலேயே கட்டுண்ட பெண்மானும், அதனைக் கட்டிய கயிறும், அக்கயிற்றை அவிழ்க்கப் பொறுப்பேற்ற பெருமானும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். தமிழறிந்த செவிக்கு இவ்வொலி தப்பாது.

சீறாவில் வேடனின் இடம்

சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களாக அமைந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடையது. வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் தொடங்கப்பெற்று, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் தொடர்ந்தது என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி.

படலத்தின் கதை யாவரும் அறிந்ததே. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு முறையிடுகிறது. தன் உயிருக்காக அது அழவில்லை. பால் குடியாத தன் மறி பசித்திருக்கும். அதற்குப் பாலூட்டி மீளும் வரை விடுப்பு வேண்டும் என்று கேட்கிறது. நபிகளார் பிணை நிற்கிறார்கள். பிடிபட்ட விலங்கு தானே திரும்பி வருமா என்று வேடன் ஐயுறுகிறான். மான் செல்கிறது, பாலூட்டுகிறது, சொன்ன சொல்லைக் காக்கத் தன் மறியுடன் திரும்பி வருகிறது. வேடன் உள்ளம் மாறி மானை விடுவித்து இஸ்லாத்தை ஏற்கிறான்.

இக்கதையை மானின் தாய்மைக்கும் நபிகளாரின் கருணைக்கும் எடுத்துக்காட்டாகவே இதுகாறும் கற்பித்து வந்தோம். மாணவரின் வினாவுக்குப் பின் மீண்டும் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. நபிகளார் வேடனைக் கடிந்து மானைப் பறித்துக்கொள்ளவில்லை. அவ்வாறு செய்திருந்தால் அது மானுக்கு இரங்குதலாகுமேயன்றிப் பிணை நிற்றல் ஆகாது. பிணை நிற்றல் என்பதிலேயே வேடனுக்கும் ஓர் உரிமை உண்டு என்னும் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. மான் மீளாவிடின் அவன் இழப்பைத் தாமே ஈடுசெய்வதாக ஏற்றுக்கொண்டவரே பிணையாளர். மானின் கண்ணீர், வேடனின் பசி ஆகிய இரண்டையும் ஒருங்கே தம் தோளில் சுமக்க முன்வருவதே அங்கு நிகழ்ந்தது.

இது இஸ்லாமிய நெறியின் பொதுப் போக்குக்கும் இயைந்ததே. திருமறையில் பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயர்களால் அத்தியாயங்கள் அமைந்துள்ளன. நிலத்தில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறையின் கருத்து. தாகத்தால் தவித்த நாய்க்குத் தம் காலணியில் நீர் முகந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைப் பட்டினியிட்டு அடைத்து வைத்த பெண் தண்டனைக்குள்ளானதையும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் பூண்டவர் நிலத்தில் வேட்டையாடலாகாது. மக்காவின் புனித எல்லைக்குள் விலங்குகளை வெருட்டலும் ஆகாது.

ஆயினும் புலால் உண்பது நமக்கு விலக்கப்பட்டதன்று. இதனை மறைத்துக் கருணையைப் பேசுவது நேர்மையாகாது. அறுக்க வேண்டிய இடத்திலும் கத்தியைக் கூர்மையாக்கி வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிமொழி காட்டும் ஒழுங்கு. விலங்கின் உயிரை எடுக்கும் கையும் பொறுப்பிலிருந்து விடுபட்டதன்று என்பதே இதன் உட்பொருள்.

பிற மரபுகளில் இடைநின்றோர்

வேடனுக்கும் விலங்குக்கும் நடுவே ஒருவர் வந்து நிற்கும் கதை நம் காப்பியத்துக்கு மட்டும் உரியதன்று.

ஈரான் நாட்டு மஷ்ஹது நகரில் அடங்கியிருக்கும் எட்டாவது இமாமாகிய அலீ ரிசா அவர்களை அந்நாட்டு மக்கள் 'ளாமினே ஆஹூ' என்று அழைக்கின்றனர். மானின் பிணையாளர் என்பது அதன் பொருள். வேடனிடம் சிக்கிய மான் தன் குட்டிக்குப் பாலூட்டிவர இமாம் பிணை நின்றதாக அங்குள்ளோர் கூறுகின்றனர். எட்டயபுரத்துப் புலவர் பாடிய பொருளையே பாரசீகத்தார் தம் மொழியில் போற்றுகின்றனர் என்பது நோக்கத்தக்கது.

பௌத்த ஜாதகக் கதைகளுள் ஒன்றில், அரண்மனைச் சமையலுக்காக நாளொன்றுக்கு ஒரு மான் முறைவைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. சூல் கொண்ட பிணையின் முறை வந்தபோது, அதற்கு மாற்றாக மான்களின் தலைவனே கொலைக்களத்தில் தலையை வைத்துப் படுக்கிறது. வியந்த காசி மன்னன் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கிறான். பலரும் இவ்விடத்தோடு கதையை முடித்துவிடுவர். ஜாதகமோ மேலும் செல்கிறது. அச்சம் நீங்கிய மான்கள் உழவரின் பயிரை மேய்கின்றன. உழவர் மன்னனிடம் முறையிடுகின்றனர். கொடுத்த வாக்கை மீற மன்னன் மறுக்கிறான். இதை அறிந்த மான் தலைவன் தன் கூட்டத்தை அழைத்து, இனிப் பிறர் பயிரைத் தின்னலாகாது என்று கட்டளையிடுகிறது. உழவரும் தம் வயல்களில் வேலிக்கு மாறாக இலைகளை அடையாளமாகக் கட்டுகின்றனர். விலங்கைக் காத்தவுடன் வேறொருவர் வயிற்றில் அடிவிழும் என்பதைக் கதை சொன்னவர் அறிந்திருந்தார்.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையும் இத்தகையதே. புறாவைக் காப்பேன் என்று சொன்ன மன்னனிடம், அது தன் உணவு என்று பருந்து வழக்காடுகிறது. சிபி பருந்தை விரட்டவில்லை. அதன் பசிக்கும் விடை தர வேண்டியவனாகிறான். தம் குலத்து முன்னோனாகச் சோழர் சிபியைப் போற்றியமையால் செம்பியன் என்னும் பெயர் பெற்றனர்.

மேலை நாட்டில், இன்றைய பிரான்சின் தென்பகுதிக் காட்டில் தவம் செய்த புனித கைல்ஸ் என்னும் துறவிக்குப் பெண்மான் ஒன்று பால் தந்து வந்ததாகவும், அரசனின் வேட்டைக் கூட்டம் அதனைத் துரத்திய போது எய்த அம்பு துறவியின்மேல் பாய்ந்ததாகவும் கிறித்தவ மரபு கூறுகிறது. இடைநிற்பவர் சில வேளைகளில் அம்பையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பது இக்கதையின் குறிப்பு.

மயிலையின் இரு மயில்கள்

நம் மயிலாப்பூரிலேயே இதனையொத்த கதை உண்டு. அவ்வூர்ப் பெயரே மயிலால் அமைந்தது. கபாலீசுவரர் கோயில் தலபுராணப்படி, உமையம்மை மயிலுருக் கொண்டு புன்னை மரத்தடியில் ஈசனை வழிபட்டார். அக்கோயிலின் தலமரம் இன்றும் புன்னையே. தெய்வமே பறவையாகி மரத்தடியில் நின்றது என்பது அங்குள்ள நம்பிக்கை.

அங்கிருந்து சிறிது தொலைவில் சாந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, புனித தோமாவின் இறப்பைக் குறித்து இங்கு வழங்கிய கதை ஒன்றைப் பதிவு செய்துள்ளார். தோமா காட்டில் தொழுகையில் ஈடுபட்டிருக்க, அவரைச் சுற்றி மயில்கள் திரிந்தனவாம். மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு, அறியாமல் அவர்மீது பாய்ந்ததாம். வேல் பாய்ந்து இறந்தார் என்னும் வேறு வரலாறும் கிறித்தவரிடையே வழங்குகிறது. எது உண்மை என்பது வரலாற்றாசிரியர் ஆராய வேண்டியது. அக்காலத்து மயிலை மக்கள் தம்மிடையே வாழ்ந்த ஒரு புனிதரை மயில்களின் நடுவே வைத்து நினைவுகூர்ந்தனர் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. ஒரே ஊர் இரு சமயத்துக் கதைகளுக்கும் ஒரே பறவையைத் தந்திருக்கிறது.

வேட்டுவர் முற்றம்

சங்க இலக்கியம் வேடனை எவ்வாறு காட்டுகிறது? கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில், நிழலற்ற காட்டில் கலைமான் தன் உடலின் நிழலைப் பிணைக்குத் தருகிறது. ஐந்திணை ஐம்பதில், சிறிதே நீருள்ள சுனையில் பிணை குடிக்கட்டும் என்று கருதிய கலை, தானும் குடிப்பதுபோல் நடிக்கிறது. விலங்கின் அன்பை இத்துணை நுட்பமாக நோக்கிய புலவர்கள் வேட்டுவர் குடியையும் அதே கண்ணால் நோக்கினர்.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு ஒரு வேட்டுவர் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறது. நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். பிற மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்த பார்வைப் பிணை ஒன்று முற்றத்தில் நிற்கிறது. காட்டிலிருந்து வந்த கலைமான் ஒன்று அதனோடு கூடி விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி இதனைக் காண்கிறாள். பிடிக்க வேண்டிய இரை தானே முற்றத்துக்கு வந்திருக்கிறது. ஆயினும், ஓசை எழுந்தால் கணவன் உறக்கம் கலையும் என்றும், கலை பிணையை விட்டு ஓடிவிடும் என்றும் அஞ்சி, அசையாது நிற்கிறாள். அவள் அசையாதிருந்தமையால், மான்தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்றுவிடுகின்றன.

அம்மாணவரின் வினாவுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட விடை இதுவெனலாம். தினை பரப்பிய தோல் மானின் தோல். முற்றத்தில் நிற்பது வஞ்சகப் பிணை. இவை வேட்டுவத் தொழிலின் அடையாளங்கள். புலவர் எதையும் மறைக்கவில்லை. அத்தொழிலுக்குள்ளேயே அவள் இரங்குகிறாள். அவ்விரக்கத்துக்கு விலையாகத் தன் வீட்டு உணவையும் இழக்கிறாள். வேட்டுவக் குடியில் இரக்கம் இல்லை என்று கருதுவோர் இப்பாட்டைப் படித்தல் வேண்டும்.

வழக்குமன்றத்தில் விலங்குகள்

பிணை என்பது வழக்குமன்றச் சொல்லும் ஆகும். ஆராய்ச்சி மணியை அடித்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனை நாம் அறிவோம். எல்லாளனைப் பற்றி இலங்கையின் மகாவம்சமும் இத்தகைய மணிக்கதையைக் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த இக்வானுஸ் ஸபா என்னும் அறிஞர் குழுவினர் அரபு மொழியில் இயற்றிய நூலொன்றில், விலங்குகள் எல்லாம் திரண்டு ஜின்களின் அரசன் முன்னிலையில் மனிதன்மீது வழக்குத் தொடுக்கின்றன. மனிதன் தன்னை எசமானன் என்று கூறிக்கொள்ள என்ன சான்று என்று அவை கேட்கின்றன. தீர்ப்பு இறுதியில் மனிதன் பக்கமே சாய்ந்தாலும், விலங்குகளின் வாதங்களைப் படித்தவர் அவற்றை எளிதில் மறக்க இயலாது. 1810ஆம் ஆண்டளவில் அது உருதுவிலும் வந்தது.

கற்பனை மன்றத்தில் நடந்ததை உண்மை மன்றத்துக்குக் கொண்டு வந்தவர் நம் அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவிய கலையரசியாகவே அவரைப் பலர் அறிவர். 1950களின் தொடக்கத்தில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதையைத் தடுக்கும் தனிநபர் மசோதாவை அவர் கொண்டு வந்தார். அம்முயற்சியின் பயனாகவே 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்குகள் நலவாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டத்தில் எழுதப்பட்ட பிணை என்று இதனைக் கூறலாம்.

கிண்டியில் எஞ்சிய வெளி

நம் மாணவர்கள் மானைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தியாகராய நகரிலிருந்து அரைமணிப் பயணத்தில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. ஆளுநர் மாளிகையைச் சார்ந்த பழங்காட்டின் எஞ்சிய பகுதி அது. ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புடைய இக்காடு 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. ஒருகாலத்தில் காடு இதனினும் பெரிதாக இருந்தது. 1959இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தலைவர்களின் நினைவிடங்கள் முதலியன அக்காட்டின் பகுதிகளில் எழுந்தவையே. கல்வியும் நினைவும் வேண்டியவைதாம். அவற்றுக்கு இடம் தந்தவை மான்கள் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்குப் புள்ளிமானும் வெளிமானும் உள்ளன. தமிழ் நூல்கள் இரலை என்று கூறும் திருகுக் கொம்புடைய வெளிமான், பெயருக்கேற்பத் திறந்த புல்வெளியை நாடுவது. தொலைவில் வரும் பகையைக் கண்டு விரைந்து ஓடித் தப்புவது. மரமும் புதரும் அடர்ந்தால் புள்ளிமானுக்கு நன்மை, வெளிமானுக்கு இடர். ஆகவே, 'மரம் நடுவோம்' என்னும் நல்ல முழக்கம்கூடப் புல்வெளியில் நடைமுறைப்படுத்தப்பட்டால் ஓர் உயிருக்குத் தீங்காய் முடியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அது வாழும் வெளியைக் காப்பது அட்டவணையால் மட்டும் ஆகாது. நகரத்து மதிலோரம் வீசப்படும் நெகிழிப் பையைத் தின்னும் மானுக்குச் சட்டம் தெரியாது.

மாணவர்களுடன் ஒருமுறை அங்குச் சென்றிருந்தோம். "இந்த மான்களுக்கு இங்கு வேடன் இல்லையே" என்றார் ஒருவர். அவரிடம் நாம் கூறியது இதுதான்: வில்லேந்திய வேடனைக் கண்ணால் காணலாம். இடத்தைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொள்ளும் வேடனைக் காண்பது அரிது. ஏனெனில் அவன் நம் வீட்டில்தான் குடியிருக்கிறான்.

வேடர் பிணையாளர் ஆன வரலாறு

சீறாவின் வேடன் மனம் மாறினான். அத்தகைய மாற்றம் நம் காலத்திலும் நிகழ்ந்துள்ளது. செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர். பாம்புத் தோல் வணிகத்துக்காக அவர்கள் பாம்புகளைப் பிடித்து விற்று வந்தனர். 1972ஆம் ஆண்டுச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. இருளரின் பிழைப்பைப் பறித்தன. பாம்புக்கு அபயம் கிடைத்தது. இருளரின் பசிக்கு விடை கூறுபவர் யார் என்னும் வினா எழுந்தது.

கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியால், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளையும் உறுப்பினர்கள் பிடித்து வருகின்றனர். சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சை எடுத்தபின், அப்பாம்புகள் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கான மாற்று மருந்து செய்யப்பட்டு நாடெங்கும் உயிர் காக்கிறது. அதே கை, அதே பாம்பு, அதே அறிவு. கொலை மட்டும் நீங்கியது. 2023ஆம் ஆண்டில் இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேடனுக்கு வேறொரு வழி திறந்துவிட்டால், விலங்கை அவனைவிட நன்கு அறிந்த காவலர் வேறெவரும் இல்லை என்பதை இவ்வரலாறு மெய்ப்பிக்கிறது.

ஆமையும் வலையும்

இனி, கட்டுரையின் தொடக்கத்துக்கு மீள்வோம். மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிறு கடலாமைகள் ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை நம் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி நூறளவில் முட்டையிட்டு மூடிச் செல்கின்றன. ஏறத்தாழ ஐம்பது நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இரவில் கடற்பரப்பில் தோன்றும் ஒளியை நோக்கி அவை இயல்பாக நகரும். கரையில் மின்விளக்குகள் மிகுந்தால் திசை மாறிச் சாலைக்கு வந்து மடியும்.

1970களில் சிலர் இக்கரையில் இரவில் நடந்து முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இளைஞர்கள் இரவு முழுதும் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் சேர்க்கின்றனர். கல்லூரி மாணவர் மான்குட்டிக்குச் செய்யக்கூடிய பிணையை ஆமைக் குஞ்சுக்குச் செய்கின்றனர் எனலாம்.

ஆயினும் கடலுக்குள் நிகழ்வது வேறு. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. நீருக்கு மேலே வந்து காற்றை உட்கொள்ள வேண்டும். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி நெடுநேரம் அடியில் இழுபட்டால் மூச்சடைத்து இறந்துவிடும். கரையை ஒட்டிய ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்பது விதி. வலையினின்று ஆமை தப்பிச் செல்லும் வாயிலுடைய கருவியும் உண்டு. விதி மீறப்படும்போது ஆமையும் சாகிறது. கரையோரத்தில் சிறு படகில் வலைவீசும் ஏழை மீனவரின் மீன்வளமும் சூறையாகிறது. அவ்விடத்தில் ஆமையும் சிறு மீனவரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். கரையில் ஒதுங்கிய ஆமையைக் கண்டு குப்பத்தார் அனைவரையும் பழிப்போர் இவ்வேறுபாட்டை அறியார்.

பாடம் முடிந்த சில நாள்களுக்குப்பின் அம்மாணவர் நம் அறைக்கு வந்தார். தம் தந்தையார் ஒருமுறை வலையில் சிக்கிய ஆமை உயிரோடிருப்பதைக் கண்டு, கத்தியால் வலையை அறுத்து அதனை விட்டுவிட்டதாகக் கூறினார். அவ்வலையைச் செப்பனிடக் கடன் வாங்க நேர்ந்ததாம். "ஆமைக்கு அப்பா பிணை நின்றார். அப்பாவுக்கு யார் ஐயா பிணை?" என்று கேட்டார். இம்முறை சிரிப்பதற்கு அங்கு யாரும் இல்லை.

மராட்டிய மாநிலத்தில் 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினம் வலையில் சிக்கினால், வலையை அறுத்து அதனை விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்குவதே அத்திட்டம். விடுவித்ததற்குச் சான்றாக ஒளிப்படம் காட்டினால் போதும். அறுந்த வலையின் விலையைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டது. சீறா கூறும் பிணை நிற்றலின் இக்கால வடிவம் இதுவே என்பது நம் கருத்து.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. வேடனுக்கும் விலங்குக்கும் நடுவே நிற்பவரைப் போற்றாத சமயமோ மொழியோ இல்லை. அவ்வாறு நின்றோர் அனைவரும் ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே நின்றனர். சிபி தசையைக் கொடுத்தான். மான் தலைவன் உயிரைக் கொடுக்க முன்வந்தது. துறவி அம்பை ஏற்றார். வேட்டுவன் மனைவி தினையை இழந்தாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனுக்குத் தம்மையே பொறுப்பாக்கினார்கள். பிறர் செலவில் காட்டும் கருணையைப் பிணை என்று நம் இலக்கியம் கூறவில்லை.

எனவே, கிண்டி மானுக்கும் பெசன்ட் நகர் ஆமைக்கும் இரங்கும் நகரத்தார், அவ்விரக்கத்தின் விலையில் தம் பங்கு யாது எனக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். கடற்கரை விளக்கைச் சில திங்கள் குறைப்பதும், நெகிழிப் பையை மறுப்பதும், அறுந்த வலைக்கு ஈடு கொடுப்பதும் அவ்விலையின் சிறு பகுதிகள். சமுதாயப் பெரியோர் இவற்றைத் தம் பள்ளிவாசல்களிலும் மன்றங்களிலும் எடுத்துரைத்தல் நலம்.

சீறாப்புராணத்தில் வேடனின் உலையைப் பற்றி உமறுப் புலவர் தனியே பாடவில்லை என்றே அம்மாணவருக்கு விடை கூறினோம். ஆனால் அவ்வுலைக்கும் சேர்த்தே அங்கு ஒருவர் பிணை நின்றார் என்பதையும் கூறினோம். அடுத்த ஆண்டு முதல் அப்படலத்தை வேடனிலிருந்து தொடங்கி நடத்துவது என்று முடிவு செய்துள்ளோம்.